பித்தளைத் தகட்டின் இரண்டாவது பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேஷாத்ரி மனிதர்களைப் பார்க்க வருகிறவர் அல்ல. அந்த நேரம் அவருடைய வண்டிக்கு உரியது. அப்படிப்பட்டவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்து கலாதேவியின் கதவைத் தட்டினார் என்றால், வண்டிக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும். மனைவிக்கு ஏதாவது ஆகியிருந்தால் தொலைபேசியில் சொல்லியிருப்பார்.

கலாதேவி யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்டுட்கார்ட்டில் தேவாலயம் ஒன்று நடத்தும் அகதிகள் ஆலோசனை நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர். நாள் முழுவதும் ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு, சொல்லாமல் விடுகிறவையும் காதில் விழத் தொடங்கிவிடும் போலிருக்கிறது. விழாவில் மாறிப்போன சங்கிலியா, யாருடைய மகள் யாரோடு திரையரங்கில் இருந்தாள் என்ற வழக்கா, அந்த வட்டாரத்துத் தமிழர்களின் குழப்பமெல்லாம் கடைசியில் அவருடைய சமையலறை மேசையில்தான் வந்து தீரும். அன்று அந்த மேசையில் மல்லிகாவும் இருந்தாள். மதராஸிலிருந்து வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்து மேல்மாடியில் குடியிருப்பவள். கலாதேவிக்கு உதவியாளர். யாரும் நியமிக்கவில்லை. தானே நியமித்துக்கொண்டாள்.

"என் தகட்டைத் திருடிட்டான்," என்றார் சேஷாத்ரி, நாற்காலியில் விழுந்து.

"ஆர்?" என்றார் கலாதேவி.

"உங்க ஆள். கனகலிங்கம். நீங்க வந்து அவன்கிட்ட உங்க பாஷையில கேளுங்கோ. அவன் ஒத்துக்கணும். மூணு மணிக்குள்ள."

"முதலிலை தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு என்ன தகடெண்டு சொல்லுங்கோ."

என்ன தகடென்று அவருக்குத் தெரியும். அந்த ஊர்த் தமிழர் எல்லோருக்கும் தெரியும். தெரியாதென்று யாராவது வாய் தவறிச் சொன்னால், சேஷாத்ரி பிடித்து உட்கார வைத்துத் தெரியப்படுத்திவிடுவார்.

அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில், மில்பர்ன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஹாலிஸ் என்பவர் குதிரை வண்டி கட்டி விற்றுக்கொண்டிருந்தார். அடுத்த தெருவில் டென்ட் என்பவர் தையல் இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து, ஹாலிஸின் வண்டி ஒன்றில் இருக்கைக்கு அடியில் ஒரு இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. மாட்டுவண்டி உயரத்துக்குச் சக்கரம், இழுக்கச் சங்கிலி, முன்னால் இரண்டு பித்தளை விளக்கு. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகள் பலவற்றைப் போல இதிலும் சுக்கான் வலப்பக்கம், நம் ஊரில் இருப்பது மாதிரி. சேற்றில் புதையாமல் போகிறது என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வாங்கினார்கள். முந்நூறு வண்டிகூட விற்றிருக்காது. அதற்குள் கூட்டாளிகள் முறைத்துக்கொண்டார்கள், டென்ட் வெளியேறினார், டெட்ராய்ட்டிலிருந்து மலிவு வண்டிகள் வந்து குவிந்தன, கம்பெனி மூடப்பட்டது. ஒரு பத்தியில் அடங்கும் கதை. சேஷாத்ரி சொன்னால் இரண்டு மணி நேரம்.

உலகத்தில் மிஞ்சிய ஒரே ஹாலிஸ் வண்டி தன்னுடையதுதான் என்று அவர் சொல்வார். ஸ்டுட்கார்ட்டில் இருந்த அமெரிக்கப் படை அதிகாரி ஒருவர் ஆசையாகக் கொண்டுவந்து, மாற்றலாகிப் போகும்போது பழைய இரும்பாக விட்டுப்போனது. வாங்கியவர்கள் இரண்டு பேர்: சேஷாத்ரியும், அவரோடு ஒரே நாளில் ஜெர்மனியில் வந்திறங்கிய மதுரை ரகுநாதனும். ஒரே தொழிற்சாலை, ஒரே அறை, ஒரே குக்கர். அந்த நட்பை இந்த வண்டி தின்றுவிட்டது. முதல் வண்டியைச் செய்தவர் ஹாலிஸ் என்றார் சேஷாத்ரி. இயந்திரம் டென்டுடையது, டென்ட் இல்லாமல் ஹாலிஸ் வெறும் மரத்தச்சர் என்றார் ரகுநாதன். ஹாலிஸ் பொறாமையில் டென்டின் பெயரையே அழித்துவிட்டார் என்றும், தொடக்கத்தில் இரண்டு பேர் பெயரும் வண்டியில் இருந்திருக்கும் என்றும் அவர் அடித்துச் சொன்னார். சேஷாத்ரி பதிலுக்கு வண்டியின் முகப்பைக் காட்டினார். பித்தளைத் தகட்டில் இடப்பக்கம் ஹாலிஸ். வலப்பக்கம் வெறும் கறுப்புப் பட்டை. இரண்டாவது பெயர் எங்கே?

"வண்டியை நீயே வெச்சுக்க. உண்மை எனக்கு," என்று சொல்லிவிட்டு ரகுநாதன் தன் பங்கை விட்டுக்கொடுத்துப் போனார். அன்றிலிருந்து ஒருவருக்கு மற்றவரிடம் இருப்பதன் மேல் கண்.

அந்த ஆண்டு மோட்டார் வண்டிக்கு நூறு வயது என்று ஸ்டுட்கார்ட்டே கொண்டாடிக்கொண்டிருந்தது. நகரின் கான்ஸ்டாட் பகுதியில் ஒரு பழைய வண்டிப் பிரியர் சங்கம் அந்த ஞாயிறு மூன்று மணிக்குக் கண்காட்சி வைத்திருந்தது. ஹாலிஸ் வண்டியும் போகிறது, சேஷாத்ரி அதன் வரலாற்றைப் பேசுகிறார். ரகுநாதன் முன்வரிசையில் இடம் சொல்லி வைத்திருந்தார். கைதட்டுவதற்காக அல்ல என்பது உலகறிந்த விஷயம்.

சேஷாத்ரி தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நேத்து சாயங்காலம் சரஸ்வதி பூஜை இல்லையா? வண்டிக்கும் பண்ணினேன். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் எல்லாத்தையும் பலகையில அடுக்கிச் சந்தனம் குங்குமம் வெச்சேன். விளக்குக்கு வெச்சேன். தகட்டுக்கும் வெச்சேன், பேர் மேல படக்கூடாதுன்னு வலப்பக்கத்துக் கறுப்புப் பட்டையில. அப்புறம் கராஜைப் பூட்டிண்டு வந்துட்டேன். கார்த்தால போய்ப் பார்த்தா வேற தகடு. பளபளன்னு. ஹாலிஸ் அண்ட் டென்ட். குங்குமம் ஒரு பொட்டுக்கூட இல்லை. நான் பூஜை பண்ணின தகடு எங்க போச்சு?"

"ரெண்டு பேரா?" என்றாள் மல்லிகா. "அப்போ ரகுநாதன் அங்கிள் சொன்ன தியரி..."

"அதேதான். ஃபாக்டரியில அவன் டூல் ரூம்ல இப்படி ஒரு தகடு அடிக்கறதுக்கு அரை நாள் ஆகுமா? அடிச்சுக் கனகலிங்கம் கையில கொடுத்து மாட்டச் சொல்லியிருக்கான். பூட்டு உடையலை. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு கனகலிங்கத்துக்கிட்ட. மூணு மணிக்குள்ள அவன் ஒத்துண்டா நான் மேடையில ரகுநாதன் பண்ணின காரியத்தைச் சொல்வேன். இல்லேன்னா போலீசுக்குப் போறேன்."

கலாதேவி கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். கனகலிங்கம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அகதி மனு முடிவாகும் வரை வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். பொழுது போகாமல் சேஷாத்ரியின் வண்டியைக் கழுவித் துடைக்க வந்து, சாப்பாட்டோடு கைச்செலவுக்கும் ஏதோ வாங்கிக்கொண்டிருந்தான். வட்டாரத்தில் அதற்குப் பெயர் கறுப்பு வேலை.

"செவ்வாய்க்கிழமை அவனுக்கு விசாரணை டெர்மின்," என்றார் கலாதேவி, குறித்த நாளுக்கு ஜெர்மன்காரர் சொல்லும் சொல்லில். "களவு எண்டு ஒரு பொலிஸ் முறைப்பாடு போனால் அவன்ரை மனு என்ன ஆகுமெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"அதனாலதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்," என்றார் சேஷாத்ரி, பெரிய உபகாரம் செய்கிறவர் போல.

சேஷாத்ரி வீட்டுச் சமையலறையில் வத்சலா எரிச்சலோடு சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் துலக்கிய குத்துவிளக்கும் செம்பும் அலமாரியில் மின்னிக்கொண்டிருந்தன. கனகலிங்கம் ஒரு மூலையில், யாரோ வைத்துவிட்டுப் போன பொதி மாதிரி, முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்கோ," என்றார் வத்சலா. "தகடு போச்சாம். துக்கம் விசாரிக்க வந்தேளா? எனக்கு ஆபரேஷன் ஆனப்போ இந்த மனுஷன் லீவு போடலை. தெரியுமோ?"

"மாமி, நீங்க ராத்திரி கராஜ் பக்கம் போனீங்களா?" மல்லிகா உடனே தொடங்கிவிட்டாள்.

"நானா? அந்தச் சக்களத்தி வீட்டுக்கா? வருஷம் ஒன்பது ஆச்சு, உள்ளே காலே வெச்சதில்லை. ஆனா கேளு, அவளுக்குச் செய்ய வேண்டிய சீரெல்லாம் என் கையாலதான். நேத்து மத்தியானம் வந்து, 'வத்சலா, வண்டி விளக்கு பளிச்சுன்னு இருக்கணும், கனகலிங்கத்துக்கிட்ட ஏதாவது கொடு'ங்கறார். ஃபிராங்ஃபர்ட்லேர்ந்து வரவழைச்ச புளி. ரெண்டு கைப்பிடி அவளுக்குப் போயாச்சு. பண்டிகை நாளும் அதுவுமா என் ஆத்துல ரசம் இல்லை. அவ மூஞ்சி ஜொலிக்கறதாம்."

கலாதேவி சிரிக்கவில்லை. "வெந்நீரும் குடுத்தனீங்களோ?"

"கொதிக்கக் கொதிக்க ஒரு வாளி. பாத்திரம் தேய்க்கற பவுடரும்."

கலாதேவி தலையசைத்துவிட்டுக் கனகலிங்கத்துக்கு எதிரில் போய் அமர்ந்தார்.

"தம்பி, தகட்டைக் கழட்டினனீங்களோ?"

"இல்லை அக்கா."

"வேறை தகடு பூட்டினனீங்களோ?"

"இல்லை."

"ரகுநாதன் உங்களிட்டை ஏதும் தந்தவரோ?"

"இல்லை."

"நேற்றுக் கராச்சுக்குப் போனனீங்களோ?"

"ஓம். பூசைக்கு முதல்."

"பூசைக்குப் பிறகு?"

"போகேல்லை."

அவ்வளவுதான். கேள்வி நின்றதும் பதிலும் நின்றது. அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் எண்ணெய்க் கறுப்பு ஏறிக் கிடக்கும் நகங்கள் அன்று கழுவி எடுத்த மாதிரி வெளுத்திருந்தன.

மல்லிகாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, உங்க மேல திருட்டுப் பழி போடறாங்க. இன்னும் கொஞ்சம் விளக்கமாப் பேசக் கூடாதா?"

கனகலிங்கம் அவளைப் பார்க்காமல் கலாதேவியைப் பார்த்தான். "அக்காதானே சொன்னவா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, தானாய் ஒண்டும் சொல்லாதை எண்டு."

சொன்னதென்னவோ உண்மைதான். விசாரணைக்குப் போகிற எல்லோருக்கும் கலாதேவி சொல்கிற பாடம் அது. கேட்காததைச் சொன்னால் அதிலிருந்து பத்துக் கேள்வி முளைக்கும். அவர் எழுந்து, "உங்களிட்டைக் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒண்டு இருக்கு. அதை நான் கேட்கமாட்டன். நீங்களும் சொல்லவேண்டாம்," என்றார்.

கராஜுக்குப் போகும் வழியில் மல்லிகா மூன்று குற்றவாளிகளைக் கண்டுபிடித்துவிட்டாள். முதலில் ரகுநாதன். அடுத்து வத்சலா மாமி, சக்களத்தி என்றதால். மூன்றாவது சங்கத் தலைவர், அவரிடம் இவ்வளவு அரிய வண்டி இல்லாததால்.

"பொறாமைதான் காரணமெண்டால் நீர் இந்தத் தெருவையே பிடிக்கவேண்டி வரும், மல்லிகா," என்றார் கலாதேவி.

வண்டி நின்றிருந்தது. உயரமான சக்கரங்களோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, சந்தனப் பொட்டு வைத்த இரண்டு விளக்குகளோடு, கல்யாணத்துக்குக் கிளம்பியது போல. பலகையில் கருவிகள் வரிசையாக இருந்தன. ஸ்பானர்கள், சுத்தியல், பெரிதும் சிறிதுமாகத் திருப்புளிகள், ஒவ்வொன்றின் மேலும் காய்ந்த சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும். எதிலும் கை பட்ட அடையாளம் இல்லை. பூஜைக்கு வைத்த கருவியைப் புனர்பூஜை முடியாமல் யார் எடுப்பார்கள்?

தகட்டின் முன் கலாதேவி குனிந்தார். இடப்பக்கம் ஹாலிஸ், நடுவில் கொடி போல வளைந்த 'அண்ட்' குறி, வலப்பக்கம் டென்ட். எழுத்துகள் பித்தளையில் ஆழமாகக் குடையப்பட்டிருந்தன. பொட்டு இல்லை. துணியால் துடைத்த மாதிரி சுத்தம்.

"நிறத்தைப் பாரும்," என்றார்.

மல்லிகா மூக்கு படுமளவுக்குப் போய்ப் பார்த்தாள். "பித்தளைன்னா மஞ்சளா இருக்கணும். இது லேசா ரோஸ் கலர் அடிக்குது, செம்பு மாதிரி. ஆசிட் பட்டா துத்தநாகம் கொஞ்சம் கரைஞ்சு மேல செம்பு தெரியும்." நிமிர்ந்து விளக்குகளைப் பார்த்தாள். "விளக்கும் அதே கலர்."

"வத்சலா அக்காவின்ரை செம்பும் அதே கலர்."

கலாதேவி கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவினார். தகட்டைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளில் ஒன்றின் தலைப் பள்ளத்தில் அதை விட்டுக் கிளறினார். கருகிப்போன பழைய வார்னிஷ் கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது. நான்கிலும் அப்படியே. பிறகு ஊசியைத் துடைத்துவிட்டு, இரண்டாவது பெயரின் முதல் எழுத்தின் பள்ளத்துக்குள் மெதுவாக ஓட்டினார். நுனியை மல்லிகாவின் கைக்குட்டையில் தட்டினார். சிவப்பாக இரண்டு மூன்று பருக்கைகள் விழுந்தன.

"துருவா?" என்றாள் மல்லிகா.

"பித்தளையிலை துருவோ? வேதியியல் படிக்கிறனீர்," என்றார் கலாதேவி. "போய் ரகுநாதன் அண்ணைக்கு ஃபோன் எடும். வரச்சொல்லும்."

ரகுநாதன் கண்காட்சிக்கு உடுத்திய கோட்டோடு வந்தார். பக்கத்துத் தெருதான். சேஷாத்ரியைப் பார்க்காமல் நேரே தகட்டிடம் போனார், பார்த்தார், நின்றுவிட்டார். இரண்டு பெயரையும் அவர் படித்த விதம், தொலைத்த பிள்ளையைக் கண்டவர் மாதிரி இருந்தது.

"நடிக்காதே," என்றார் சேஷாத்ரி.

"நான் அடிச்சிருந்தா இவ்வளவு அழகா வராதுடா."

கலாதேவி கருவிப் பலகையின் பக்கத்தில் நின்றார். வத்சலா ஒன்பது ஆண்டு விரதத்தை முறித்து உள்ளே வந்து, சுண்டல் கிண்ணத்தோடு கதவோரம் நின்றார். கனகலிங்கம் அவருக்குப் பின்னால்.

"இஞ்சை ஒரு தகடும் களவு போகேல்லை," என்றார் கலாதேவி. "ஒரு தகடும் மாற்றுப்படேல்லை. இதுதான் அந்தத் தகடு."

"என்ன உளறல்?" என்றார் சேஷாத்ரி.

"தகட்டை மாத்துறதெண்டால் நாலு திருகாணியையும் கழட்டவேணும். கழட்டத் திருப்புளியை அந்தப் பள்ளத்துக்குள்ளை விடவேணும். பள்ளம் முழுக்கப் பழைய வார்னிஷ் இறுகிக் கிடக்கு. கனகாலமாய் அதுக்குள்ளை ஒரு திருப்புளியும் போகேல்லை. ஆர் செய்திருந்தாலும், எந்தத் திருப்புளியாலை செய்திருந்தாலும் கதை ஒண்டுதான்."

"அப்போ கறுப்புப் பட்டை?" என்றார் ரகுநாதன். விடை அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஹாலிஸ் குதிரை வண்டி கட்டினவர். அவரின்ரை பட்டறையிலை எது குறைவாய் இருந்தாலும் கறுப்பு வார்னிஷ் குறைவாய் இருந்திராது. டென்டோடை கோபம் வந்தபிறகு, அடிச்சு வைச்சிருந்த தகடுகளை எறிய மனமில்லாமல், கூட்டாளியின்ரை பேருக்கு மேலை அந்த வார்னிஷைத் தடிப்பாய்ப் பூசி மூடியிருக்கிறார். இதை நான் கண்டனான் எண்டு சொல்லேல்லை, ஊகந்தான். ஆனால் இவ்வளவு வருசத்துக்குப் பிறகு கொதி வெந்நீரும், புளியும், தேய்க்கிற பவுடரும் சேர்ந்தால் அந்த வார்னிஷ் நிக்குமோ? நேற்று விளக்குக்குக் குடுத்த புளி தகட்டுக்கும் போயிருக்கு. நிறமே சொல்லுது. எங்கடை ஆக்களிட்டைப் பித்தளையையும் புளியையும் குடுத்துப்போட்டு, இதைத் தேய், அதை விடு எண்டு சொன்னால் கை கேக்காது."

எல்லோரும் கனகலிங்கத்தைப் பார்த்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"அவனிட்டைக் கழட்டினியோ, மாத்தினியோ எண்டுதான் எல்லாரும் கேட்டவை. இல்லை எண்டான். அது உண்மை. தேய்ச்சியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. தானாய்ச் சொன்னால் வேலை செய்தனான் எண்டு ஒத்துக்கொண்டதாய்ப் போகும். செவ்வாய்க்கிழமை டெர்மின் இருக்கிறவன் அதை எப்பிடிச் சொல்லுவான்?"

"சரி," என்றார் சேஷாத்ரி, கொஞ்சம் அவசரமாக. "எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரியில ஏதோ ஆயிருக்கு, கார்த்தால பார்த்தேன், பயந்துட்டேன். தப்புதான். விடுங்கோ."

"இரவிலை இல்லை. பூசைக்கு முதல்," என்றார் கலாதேவி. "ஐயா, குங்குமம் எங்கை வைச்சனீங்கள் எண்டு சொன்னனீங்கள்?"

"வலப்பக்கத்துக் கறுப்புப் பட்டையில," என்று மல்லிகா அவருக்காகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள்.

"பட்டை இருந்திருந்தால் குங்குமம் அதுக்கு மேலை இருந்திருக்கும், பட்டையோடை போயிருக்கும். எழுத்துக்குள்ளை இறங்கியிராது. டென்டின்ரை முதல் எழுத்துக்குள்ளை குங்குமம் கிடக்கு. நீங்கள் பொட்டு வைக்கேக்கை அங்கை பட்டை இல்லை, பேர் இருந்தது. பொட்டு வைக்கப் போன விரலுக்குப் பள்ளம் தெரியாமல் போகுமோ? கண்ணாடியும் போட்டிருந்திருப்பியள். நேற்றே கண்டிட்டியள். காலமை அந்தப் பொட்டைத் துடைச்சுப்போட்டு, குங்குமம் இல்லை, வேறை தகடு எண்டு என்னிட்டை வந்தனீங்கள்."

வத்சலாவின் கரண்டி கிண்ணத்தில் இடித்தது.

சேஷாத்ரி வண்டியின் படியில் உட்கார்ந்தார். "ராத்திரி முழுக்கத் தூங்கலை," என்றார். "இவன் முன்வரிசையில உட்கார்ந்திருப்பான். அந்த மூஞ்சியை வெச்சுண்டு. நான் எப்படி அவன் முன்னாடி நின்னு, ஆமாம், டென்ட் பேரும் இருந்ததுன்னு சொல்வேன்? ஒரு வண்டியே இல்லாதவன் சொன்னது சரி, கையில வெச்சிண்டு தினம் துடைச்சவன் சொன்னது தப்புன்னு எப்படிச் சொல்வேன்?"

"அதுக்கு இந்தப் பையனை உள்ளே தள்ளப் பார்த்தேளா?" என்றார் வத்சலா.

"அவன் பயந்துண்டு ஒத்துப்பான்னு நினைச்சேன். அப்புறம் மன்னிச்சு விட்டுடலாம்னு..."

"ரொம்பப் பெரிய மனசு," என்றார் வத்சலா. கனகலிங்கத்தின் கையில் கிண்ணத்தைத் திணித்தார். "சாப்பிடுப்பா."

ரகுநாதன் இதற்குள் மலர்ந்துவிட்டிருந்தார். கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "சரி, இப்போ சொல்லலாமே. மூணு மணிக்கு. மைக்கைப் பிடிச்சுச் சொல்லு, ரகுநாதன் சொன்னது சரின்னு. நான் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"அப்பிடிச் சொல்ல ஏலாது," என்றார் கலாதேவி.

"ஏன்?"

"பட்டை எப்பிடிப் போனது எண்டு சபையிலை கேப்பினம். நகரசபை ஆக்கள் வருவினம், பேப்பர்க்காரர் வருவினம். கனகலிங்கம் தேய்ச்சவன் எண்டால், ஆர் கனகலிங்கம், அவனுக்கு வேலை செய்ய அனுமதி இருக்கோ எண்டு வரும்." அவர் சேஷாத்ரியிடம் திரும்பினார். "நான்தான் என்ரை கையாலை துடைச்சனான் எண்டு சொல்லுங்கோ. முழுப் பேச்சிலும் வேறை ஒருத்தற்றை பேரும் வரக்கூடாது."

சேஷாத்ரி நிமிர்ந்தார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடியது. கண்டுபிடித்தது தான் என்று ஆகிவிடுகிறதே என்ற கணக்கு அவருக்குள் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

ரகுநாதனும் பார்த்தார். "இது அநியாயம். ஒன்பது வருஷமா நான் சொன்னேன். என்னைப் பைத்தியம்னு சொன்னான். இன்னைக்கு இவன் ஏறி நின்னு, நானே கண்டுபிடிச்சேன்னு சொல்வான், நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?"

"ஓம்," என்றார் கலாதேவி.

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்டும் கிடையாது, அண்ணை."

ரகுநாதன் கனகலிங்கத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

கண்காட்சி மண்டபத்தில் ஹாலிஸ் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். சேஷாத்ரி அருமையாகப் பேசினார் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். மில்பர்னின் குதிரை வண்டிப் பட்டறையைக் கண் முன் கொண்டுவந்தார். தையல் இயந்திரக்கார டென்டையும் முதல் முறையாகக் கதைக்குள் வரவிட்டார். கறுப்புப் பட்டைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். தனக்கு வெகு நாளாகவே ஒரு சந்தேகம் இருந்ததாகவும், நேற்று மாலை தன் கையாலேயே பொறுமையாகத் துடைத்துப் பார்த்ததாகவும் சொன்னார். சந்தேகம் என்ற பகுதி யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. மல்லிகா பல்லைக் கடித்தாள்.

சங்கத் தலைவர் எழுந்து கேட்டார்: "ஹெர் சேஷாத்ரி, உங்களுக்கு முன் வேறு யாராவது இந்தக் கருத்தைச் சொல்லியிருக்கிறார்களா?"

சேஷாத்ரி மைக்கைச் சரிசெய்தார். முன்வரிசையில் ரகுநாதன் எழுந்துகொண்டிருந்தார்.

பின்வரிசையில் கலாதேவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் கனகலிங்கம், இரவல் சட்டையில், ஒன்றும் விளங்காமல் நின்றிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் டெர்மின் என்ற ஒரு சொல் வரைக்கும்தான்.

ரகுநாதன் திரும்பி முழுச் சபையையும் பார்த்தார். அவருக்குத் தேவையாக இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"எனக்குத் தெரிந்து யாருமில்லை," என்றார் ஜெர்மனில். "அந்தத் தகட்டைத் துடைத்த கை மிகப் பொறுமையான கை. அந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன்."

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. இப்படி வெளிப்படையாகப் பேசும் நண்பர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். சேஷாத்ரி தலை குனிந்து வணங்கினார், ரகுநாதன் இருந்த பக்கம் பார்க்காமல். ரகுநாதன் உட்கார்ந்துவிட்டார். அவர் கை தட்டவில்லை.

"என்ன சொன்னவர் அக்கா?" என்றான் கனகலிங்கம், பயந்த குரலில்.

"பொறாமையாய் இருக்காம் அவருக்கு."

"ஆரிலை?"

கலாதேவி தொழிலில் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அவர் சொன்னபடியே சொன்னார்: "தகட்டைத் துடைச்ச ஆளிலை."

கனகலிங்கம் புளியில் வெளுத்திருந்த இரண்டு கைகளையும் மெல்லக் காற்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடி நின்றான்.